கங்கைக் கரையில் ஒரு பேராசிரியர்

கீழவைப்பாரிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. படகும் வலையும் உள்ள குடும்பம். மூத்த பெண் ரஸாயனத்தில் பட்டம் பெற்றுவிட்டாள். சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள். வடக்கே ஒரு சர்வகலாசாலையில் இடமும் கிடைத்திருக்கிறது. வீட்டிலோ ஒரு மாதமாக ஒரே வாக்குவாதம். நேயருடைய தாயார் எழுபது வயதைக் கடந்தவர். விடியற்காலைக் கோயில் மணி அடிக்குமுன் எழுந்து ஜெபமாலையைக் கையில் எடுப்பவர். கடலைக் குப்பியில் அடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவர்கள் அப்புறம் அந்தக் கடலைப் பார்த்துச் சிலுவை போட மாட்டார்கள் என்பது அந்த அம்மாளின் தீர்மானம்.

நேயருக்கு அந்தப் பயம் இல்லை. வேறு இரண்டு பயங்கள் உண்டு. பெண் போனால் போனவள்தான் என்பது ஒன்று. மற்றதை அவர் கடிதத்தின் கடைசியில், சற்றே கூச்சத்தோடு எழுதியிருக்கிறார். அவள் திரும்பி வந்தாலும் உத்தியோகஸ்தையாக வந்து, 'இந்தத் தீவில் இறங்காதே, அந்தப் பாரில் வலை போடாதே' என்று சொந்தச் சித்தப்பன்மாருக்கே உத்தரவு போடுவாளோ என்பதுதான் அது. "விஞ்ஞானம், விசுவாசம், குடும்பம் மூன்றும் ஓராளிடம் ஒருங்கே நிலைத்ததுண்டா? உண்டானால் பெயரைச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பெயர் கேட்டது நல்லதாயிற்று. பொதுப்படையாக உபதேசம் செய்வது நமக்கு மிகவும் சுலபம். பெயர் சொல்ல வேண்டுமானால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கீழவைப்பாரைப் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் கடந்து வரும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம் அது. 'கலக்கும்' என்று சொல்வது மழைக் காலத்துக்குத்தான் பொருந்தும். மற்ற நாட்களில் ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். 1530-களில் பரதவர் குலத்தார் ஞானஸ்நானம் பெற்றது முதல் அக்கரையோரம் முழுவதிலும் கத்தோலிக்க விசுவாசம் வேரூன்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையன்று கடலுக்குப் போவதில்லை என்பது முன்னோர் விட்டுப்போன வழக்கம். (மீன்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதென்பதை எந்த விஞ்ஞானியும் குறை கூற மாட்டார்.)

எதிரே கடலுக்குள் காரைச்சல்லித் தீவு இருக்கிறது. 1969-இல் இருபது ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தத் தீவு, 2018-இல் ஆறு ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த விலங்குச்சல்லித் தீவு முழுவதுமே நீருக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளப் பாறைகளை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் சுவர் போன பின் அலை தீவையே அரித்தது. 1986-இல் இந்தத் தீவுகளைச் சேர்த்து அரசாங்கத்தார் கடல்சார் தேசியப் பூங்கா ஏற்படுத்தினார்கள். அதன் பிறகு தீவில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டன் காலத்தில் வலை உலர்த்திய மணலில் இறங்கக் கூடாதென்று, அந்த மணலின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவர் வந்து சொன்னால் மனம் எப்படி ஒப்பும்? நேயரின் கடைசிப் பயம் வெறும் பயமல்ல, அனுபவம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கடலைப் பற்றிய சாஸ்திரத்தை எழுதியவர்கள் நெடுங்காலம் வெளியாராகவே இருந்தார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1914-இல் சங்கைப் பற்றியும் 1922-இல் முத்துக்குளிப்பைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதினார். நல்ல உழைப்பு, சந்தேகமில்லை. பின்னர் நம்மவர்கள் வந்தார்கள். கீழவைப்பாருக்குத் தொலைவில் இல்லாத வேப்பலோடைக் கடலில் சிப்பி வளர்த்து, அழகர்சாமி முதலிய விஞ்ஞானிகள் 1973-இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1961-இல், தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷ ஆராய்ச்சியிலும், முங்கிச் சிப்பி எடுத்தவன் வீட்டுப் பிள்ளை பூதக்கண்ணாடியைப் பிடித்தது அபூர்வந்தான். இப்பொழுது ஒரு பெண் பிடிக்கக் கை நீட்டுகிறாள்.

இனிப் பெயருக்கு வருவோம். முதலில் நம் நினைவில் எழுந்தவர் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிலிருந்த மாத்யூ பாதிரியார். ஏசு சபைத் துறவி, தாவர சாஸ்திரி. 1967-இல் அங்கே ராபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழ்நாட்டுச் செடிகொடிகளையும் பழனி மலைச் செடிகொடிகளையும் ஒவ்வொன்றாய் எண்ணி எழுதிவைத்தார். 2004-இல் காலமானார். பூசையும் செடியும் அவருக்குச் சண்டையிடவில்லை. ஆனால் துறவிக்கு ஏது குடும்பம்? நேயருடைய கேள்வியில் பாதிக்குத்தான் அவர் விடையாவார். முழுக் கேள்விக்கும் விடையாக நிற்பவரைத் தேடினால் நாம் காசிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அவ்வளவு தூரமா என்று கேட்க வேண்டாம். வைப்பாற்றுச் சீமைக்கும் காசிக்கும் பழைய பாத்தியதை உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே கேதார கட்டத்தில் மடம் கண்டார். எட்டயபுரத்துப் பாரதியார் 1898-இல் போய், அனுமான் கட்டத்தில் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அந்த அனுமான் கட்டத்துப் படிகளிலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே சிறிது தூரம் நடந்தால் துளசி கட்டம் வரும். ராமசரிதமானஸம் இயற்றிய துளசிதாசர் வாழ்ந்து மறைந்த வீடு அங்கே இருக்கிறது. அவர் நிறுவியதாகச் சொல்லப்படும் சங்கடமோசன அனுமார் கோயிலின் மகந்தர்கள், அதாவது பரம்பரைத் தலைவர்கள், அந்த வீட்டில் வசிப்பது வழக்கம். அந்த வீட்டில் 1938-இல் பிறந்தவர் ஸ்ரீ வீரபத்ர மிச்ரா.

பதினான்காவது வயதில் தகப்பனார் காலமானார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன் மகந்தராகிவிட்டான். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அவன் காலில் விழுந்து ஆசி கேட்டன. அவ்வளவோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கோயில் வருமானத்தையும் சங்கீத விழாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அதுவரை நவீன சர்வகலாசாலைப் படிப்புப் படித்தவரே கிடையாது. வீரபத்ரர் படித்தார். பண்டித மதன்மோகன் மாளவியர் 1916-இல் நிறுவிய காசி இந்து சர்வகலாசாலை துளசி கட்டத்துக்கு அருகிலேதான் இருக்கிறது. தர்மமும் நவீன சாஸ்திரமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட வேண்டுமென்பது மாளவியருடைய கனவு. அன்னிய அரசாங்கம் ஹரித்துவாரத்தில் கங்கையை அணை கட்டித் தடுக்க முயன்றபோது, நீரோட்டம் நிற்கக் கூடாதென்று போராடி, அதே 1916-இல் உடன்படிக்கை எழுதி வாங்கியவரும் அவர்தான். அந்தக் கல்விக்கூடத்தில் வீரபத்ரர் பொறியியல் பயின்று, நீரியலில் டாக்டர் பட்டம் பெற்று, பேராசிரியராகி, துறைத் தலைவராகவும் உயர்ந்தார். விடியற்காலை கங்கையில் முழுக்கு, பிறகு பூஜை, பிறகு வகுப்பறையில் நீர் எப்படி ஓடுகிறதென்பதற்குச் சூத்திரங்கள்.

இங்கேதான் அவருக்குச் சங்கடம் ஆரம்பமாயிற்று. கோயிலிலிருக்கும் அனுமார் பக்தர்களுடைய சங்கடங்களைத் தீர்ப்பவர். மகந்தரின் சங்கடமோ அவர் தினமும் முழுகிய நீரிலேயே இருந்தது. மூழ்கி எழும்போது மேலே மிதப்பது என்னவென்று அவருடைய கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது என்னவென்று படிப்புச் சொல்லிற்று. காசியின் சாக்கடை நீர் ஊரின் மேல்முனையிலேயே, அஸ்ஸி ஓடையின் பக்கத்தில், கங்கையில் விழுந்தது. ஆறு அதைச் சுமந்துகொண்டு படித்துறைகளின் ஓரமாகவே ஓடிற்று. யாத்திரிகர் நிற்கும் இடமும் அழுக்கு ஓடும் இடமும் ஒன்றாயின. குளிப்பதற்கு உகந்த நீரில் நூறு மில்லிலிட்டருக்கு மலக் கிருமிகள் ஐந்நூறுக்கு மேல் இருப்பது நல்லதல்ல என்பது விதி. துளசி கட்டத்திலேயே ஆராய்ச்சிச் சாலை ஏற்படுத்தி அவர் எண்ணிப் பார்த்தபோது கிருமிகள் பல்லாயிரமாக இருந்தன.

மற்றொரு விஞ்ஞானியாயிருந்தால் காரியம் எளிது: குளிப்பதை நிறுத்திவிட்டு அறிக்கை எழுதலாம். மற்றொரு மகந்தராயிருந்தாலும் எளிதுதான்: கங்கையை எதுவும் தீண்டாது என்று சொல்லிவிட்டு முழுகலாம். இவர் இரண்டும் செய்யவில்லை. நோய் வந்தபோதும் முழுக்கை விடவில்லை, எண்ணுவதையும் விடவில்லை. மூளை வேண்டாமென்கிறது, இருதயம் வேண்டுமென்கிறது என்று தம்மிடம் வந்த வெளிநாட்டாரிடம் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இதை முரண்பாடு என்று சிலர் கேலி செய்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தாம் எண்ணிய நீரிலேயே மறுநாள் காலை முழுக வேண்டியவர் எண்ணிக்கையில் அசட்டையாக இருக்க முடியாது. அந்த எண்ணிக்கையை நம்பியவர்களில் பலர், அவர் முழுகுகிறார் என்பதனாலேயே நம்பினார்கள்.

ஜனங்களிடம் அவர் பேசிய விதம் தனியாகக் கவனிக்கத் தக்கது. கங்கை அசுத்தமாகிவிட்டாள் என்று பக்தர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தாயை அசுத்தம் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆகையால் அவர் அந்தச் சொல்லைப் பக்தர்களிடம் உபயோகிப்பதில்லை. நம் தாயின் மேல் மலத்தைக் கொட்டுகிறார்களே, பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்பார். உண்மை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். முதல் வாக்கியத்தைக் கேட்டவர் எழுந்து போய்விடுவார். இரண்டாவதைக் கேட்டவர் எழுந்து கூட வருவார். விஞ்ஞானப் பரிபாஷையில் இதற்கு என்ன பெயரோ, நமக்குத் தெரியாது; நாட்டுப்புறத்தில் இங்கிதம் என்பார்கள்.

1982-இல் அவர் சங்கடமோசன ஸ்தாபனத்தை ஏற்படுத்தித் தூய கங்கை இயக்கத்தைத் தொடங்கினார். 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி காசிப் படித்துறைக்கே வந்து கங்கைச் செயல் திட்டத்தை ஆரம்பித்து வைத்தார். மகந்தர் மகிழ்ந்தார், மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சாக்கடை நீரை மின்சாரப் பம்புகளால் மேலேற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது திட்டம். காசியில் மின்சாரம் நின்று நின்று வரும். பம்பு நின்றால் சாக்கடை பழையபடி ஆற்றுக்குப் போயிற்று. சில சமயம் பின்வாங்கிச் சந்துகளிலும் பொங்கிற்று. மழைக் காலத்தில் ஆறு பெருகிப் பம்புக் கிணறுகளையே மூழ்கடித்தது. எல்லாம் ஓடும் நாளில்கூட அந்நிலையங்கள் கிருமிகளைப் போதிய அளவு கொல்லவில்லை.

குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் மிச்ராவின் பெருமை. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்த வில்லியம் ஆஸ்வால்ட் என்ற பேராசிரியருடன் சேர்ந்து மாற்றுத் திட்டம் ஒன்று வகுத்தார். படித்துறைகளின் ஓரமாக ஒரு பெருங்குழாய். அதில் சாக்கடை தன் எடையினாலேயே சரிந்து ஊருக்குக் கீழே போக வேண்டும். அங்கே வரிசையாகக் குளங்கள். முதல் குளத்தின் ஆழத்தில் கசடு மட்கும். அடுத்த குளத்தில் வெயிலைக் குடித்துப் பாசி வளரும். அந்தப் பாசி வெளியிடும் பிராணவாயுவும் அங்கே ஏறும் காரத்தன்மையும் அழுக்கையும் கிருமியையும் தின்னும். கடைசிக் குளத்தில் பல நாள் தேங்கித் தெளிந்த நீர் ஆற்றுக்கோ வயலுக்கோ போகும். மின்சாரம் மிகக் கொஞ்சம் போதும். வெயிலுக்கோ காசியில் பஞ்சமில்லை. நம் ஊர்க் குளங்களைப் பார்த்த எந்தக் கிழவருக்கும் இது விளங்கிவிடும். விளங்க வேண்டிய இடங்களில்தான் விளங்கவில்லை. மனுக்களும் கூட்டங்களும் குழுக்களுமாக வருஷங்கள் ஓடின. 2009-இல் மத்திய அரசாங்கம் கங்கை நதி ஆணையத்தில் அவரையும் அங்கத்தினராக்கியது. ஆனால் அவர் கண்மூடும் வரையில் அந்தக் குளங்கள் தோண்டப்படவில்லை. அத்தனைக்கும் நிலம் அதிகம் வேண்டும் என்ற ஆட்சேபணை முற்றிலும் பொய்யுமல்ல.

ஆகவே அவரை வெற்றி வீரராக நேயருக்கு அறிமுகப்படுத்த நாம் முன்வரவில்லை. 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் கௌரவித்தது. 1999-இல் அமெரிக்க 'டைம்' பத்திரிகை பூமியின் வீரர்களில் ஒருவரென்று எழுதிற்று. ஆற்றில் கிருமி குறையவில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

குடும்ப விஷயத்தை இனிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் படித்த பிள்ளை பரம்பரைக் கடமையைத் தம்பியிடம் தள்ளிவிட்டுப் பட்டணம் போவது வழக்கமாகிவிட்டது. இவர் பேராசிரியராகியும் துளசி கட்டத்து வீட்டைவிட்டு நகரவில்லை. மனைவி மக்களோடு அங்கேயே வாழ்ந்தார். முன்னோர் நடத்திய விழா ஒன்றையும் நிறுத்தவில்லை. அவற்றில் ஒன்று கார்த்திகையில் நடக்கும் நாகநத்தையா லீலை. கட்டத்தருகே ஆற்றோரம் கடம்ப மரக்கிளை ஒன்றை நடுவார்கள். பாலகிருஷ்ணன் வேஷத்தில் ஒரு சிறுவன் அதன்மீதேறிக் கங்கையில் குதிப்பான். காளியன் தலைமேல் நின்று எழுவான். நதியில் விஷம் கலந்த பாம்பைக் கண்ணன் அடக்கிய கதை. மகந்தர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக நடத்தும் விழா அது. அந்தக் கதையை வருஷந்தோறும் பார்த்து வளர்ந்த பையன் பின்னால் சாக்கடைக் குழாய்க்குத் திட்டம் வரைந்தான் என்பதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

2006-ஆம் வருஷம் மார்ச் 7-ஆம் தேதி அவருடைய கோயிலுக்குள்ளேயே வெடிகுண்டு வெடித்து உயிர்கள் போயின. ஊர் கொந்தளிக்கும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். மகந்தர் அமைதி காக்கும்படி வேண்டினார், வழிபாடு தொடர்ந்தது, காசியில் கலகம் மூளவில்லை. ஒரு விஞ்ஞானியின் சரித்திரத்தில் இதைச் சேர்ப்பானேன் என்று கேட்கலாம். விஞ்ஞானியாக மட்டும் இருந்தவர் சொன்னால் அன்று யார் கேட்டிருப்பார்கள்?

2013-ஆம் வருஷம் மார்ச் 13-ஆம் தேதி அவர் காலமானார். மகன் விசுவம்பர்நாத் மிச்ரா மகந்தரானார். அவரும் அதே காசியில் மின்னணுப் பொறியியல் பேராசிரியர். துளசி கட்டத்தில் நீரை எடுத்து எண்ணுவது தகப்பனாருக்குப் பின்னும் தொடர்ந்தது. 2014 முதல் புதிய கங்கைத் திட்டத்தில் பெரும்பணம் செலவாகிச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்த பின்னும், அரசாங்கத்தார் ஓர் எண்ணைச் சொன்னால் அந்த வீட்டார் தங்கள் எண்ணைச் சொன்னார்கள்.

கீழவைப்பார் அன்பருக்குப் பெயர் சொல்லிவிட்டோம். ஆனால் அனுமார் கோயில் மகந்தர் நமக்கு எப்படி வழிகாட்டியாவார் என்று அவருடைய தாயார் கேட்கக்கூடும். அந்த அம்மாளுக்கு வேறொரு செய்தி. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் உலகத்துக்கு எழுதிய நிருபம் ஒன்றில், பூமியையும் கடலையும் காப்பது விசுவாசிகளின் கடமை என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார். பவளப் பாறைகளின் அழிவைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார். ஊர்ச் சாமியாரைக் கேட்டால் தமிழில் வாசித்துக் காட்டுவார். பேத்தி படிக்கப் போவது கிட்டத்தட்ட அதைத்தான்.

பெண் போனால் திரும்புவாளா என்ற பயத்துக்கு நம்மிடம் மருந்தில்லை. மிச்ராவுக்கு நேர்ந்த சௌகரியம் அவளுக்கு இல்லை. அவருடைய சர்வகலாசாலை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தூத்துக்குடியிலும் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது என்பதையும், அங்கிருந்து கீழவைப்பாருக்கு மாலையில் பஸ் ஏறி வரலாம் என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். வடக்கே கிடைத்த இடந்தான் வேண்டுமென்று அவள் நினைத்தால் நாம் தடுக்க மாட்டோம்; நேயரும் தடுக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

கடைசிப் பயந்தான் பாக்கி. உத்தரவு போடுவாளோ என்கிறார். போடுவாளாயிருக்கும். காரைச்சல்லி கரைந்துகொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியூர் உத்தியோகஸ்தர் சொன்னால் ஊரார் வாயை மூடிக்கொண்டு இரவில் போவார்கள். அண்ணன் மகள் சொன்னால் சித்தப்பன்மார் சண்டை போடுவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தப் பாரில் எப்போது மீன் குஞ்சு பொரிக்கும் என்று அவளுக்கே பாடம் சொல்வார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும். அவள் அதில் சில இடங்களில் தோற்கவும் கூடும். தோற்றால் அவளுடைய சாஸ்திரத்துக்கு லாபந்தான்.

புறப்படுமுன் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தொலையிரம் பார், வைப்பார்ப் பெரிய பார் என்று கடலுக்கடியிலுள்ள பாறைகளுக்கெல்லாம் முங்குவோர் வைத்த பெயர்கள் இருக்கின்றன. சில பெயர்கள் நூல்களில் ஏறியிருக்கின்றன; ஏறாதவை எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் கரையில் எந்தக் கோயில் கோபுரத்தையும் எந்தப் பனையையும் அடையாளமாகக் கொண்டு படகு செலுத்தினார்கள் என்பது பழைய மனிதர்களுக்குத் தெரியும். பாட்டியிடம் உட்கார்ந்து, அவருடைய தகப்பனாரும் புருஷனும் சொன்ன பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெபமாலை முடிந்த பிறகு கேட்டால் போதும். முன்னால் கேட்டால் அந்த அம்மாள் பதில் சொல்ல மாட்டார்.